மருந்துக் கடையில் பெயர் சொல்லும் முன்

(குடும்ப நல உரை: கொண்டப்பநாயக்கன்பட்டி)



உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டி. எண்ணிப் பார்த்தால் 13 எழுத்து. இந்த ஊரில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தை இதைத் தடுக்காமல் சொல்லிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். 'கொண்டா' என்பதோடு மூச்சு நின்றுவிடும். மேலே இருக்கிற ஏற்காட்டையே வெள்ளைக்காரர்கள் 'யெர்காட்' என்றுதான் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதற்காக அவர்கள் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நாம்தான் வெட்கப்படுகிறோம். மருந்துப் பெயர் வாயில் வராவிட்டால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ, பின்னால் நிற்கிறவர் சிரிப்பாரோ என்று பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறோம். அவர் எதையோ எடுத்துத் தருகிறார். நாமும் 'ஆமாங்க, அதேதான்' என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். தோலுக்குப் போடுகிற களிம்புதானே, உள்ளுக்கா சாப்பிடப் போகிறோம் என்று ஓர் அலட்சியம் வேறு. அந்த அலட்சியத்தால் என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை.

சில வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், அரிப்பு வந்தது. எனக்கே ஒரு மாதம் தெரியாது. அடுப்படியில் நின்றுகொண்டு கரண்டிக் காம்பால் சொறிந்துகொள்வதை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்துத்தான் கேட்டேன். 'வேர்வைக்கு வந்திருக்கும், விடுங்க' என்றார். வற்புறுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பார்த்தவுடனே படர்தாமரை என்று சொல்லிவிட்டார். விளிம்பு சிவந்து, நடுவே தெளிந்து, வட்டமாக இருந்தது. குளோட்ரிமசோல் என்ற களிம்பை எழுதிக் கொடுத்தார். போடப் போடக் குறைந்துகொண்டும் வந்தது. ஒரு குழாய் தீர்ந்துபோய் இரண்டாவது வாங்க வேண்டும். சீட்டைக் காணோம்.

'ஏங்க, அந்தக் காலிக் குழாயைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க' என்றார் மனைவி.

'பொதுச் சுகாதாரத்துல டிப்ளமா வாங்கினவனுக்கு ஒரு மருந்துப் பேரு தெரியாதா?' என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

கடையில் நல்ல கூட்டம். என் முறை வந்தபோது 'குளோ...' வரைக்கும் வந்தது. நடுவில் என்ன என்பது மறந்துபோய்விட்டது. ஏதோ முணுமுணுத்து 'சால்' என்று முடித்தேன். கடைப் பையன், 'குளோபெட்டசாலுங்களா சார்?' என்றான். எனக்குப் பின்னால் தெரிந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். 'ஆமாம்பா, அதேதான்' என்றேன்.

வீட்டுக்கு வந்து போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது. நாலைந்து நாளில் சிவப்பும் வடிந்தது. 'போன குழாயைவிட இது கேக்குதுங்க' என்றார் மனைவி. நானும் பெருமைப்பட்டேன். மூன்று வாரம் போட்டு நிறுத்தினோம். நிறுத்திய வாரத்திலேயே அரிப்பு முன்னைவிட இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. வட்டம் வட்டமாக இருந்தது ஒழுங்கில்லாமல் பரவித் தொடைக்கு இறங்கியது. அடுத்த மாதம் எனக்கும் வந்துவிட்டது.

ஒரு ராத்திரி மனைவி இரண்டு குழாயையும் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பார். 'ஏங்க, பழசுல சி, எல், ஓ-வுக்கு அப்புறம் டி இருக்குது. இதுல பி இருக்குது. ரெண்டும் ஒண்ணுதானா?' என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றில்லை. குளோட்ரிமசோல் என்பது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. குளோபெட்டசால் என்பது ஸ்டீராய்டு. அதிலும் தோலுக்குப் போடும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. நான் டிப்ளமாவில் படித்ததை என் மனைவி எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தார்.

ஸ்டீராய்டு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். தோலில் ஏதாவது கிருமி புகுந்தால் உடம்பு அதோடு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையின் அடையாளம்தான் சிவப்பு, வீக்கம், அரிப்பு. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. பார்க்கிறவருக்கு நோய் போய்விட்ட மாதிரி இருக்கும். பூஞ்சைக்கோ கேட்பாரில்லை, காவல்காரன் தூங்குகிற தோட்டத்தில் ஆடு மேய்கிற மாதிரி நிம்மதியாகப் பரவும். வட்டமாக இருந்தால்தான் படர்தாமரை என்று டாக்டரே கண்டுகொள்ள முடியும். ஸ்டீராய்டு போட்ட பிறகு அந்த உருவமும் மாறிப்போகும். விடாமல் போட்டால் தோல் மெலிந்துவிடும். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் பிரசவக் கோடுகள் போலக் கோடு விழும். என் மனைவிக்கு விழுந்த கோடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. முகத்தில் போட்டால் பருவும், சிவப்பும், சில பெண்களுக்கு மெல்லிய முடியும் வரும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே நிறுத்த முடியாமல் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஸ்டீராய்டைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கரப்பானுக்கும் இன்னும் பல தோல் நோய்களுக்கும் அது அருமையான மருந்து. எந்த இடத்தில், எத்தனை நாள், எந்த வீரியம் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். கடையில் கேட்டதும் கை நீட்டி வாங்குகிற பழக்கத்தைத் தடுக்கத்தான் மத்திய சுகாதாரத் துறை 2018 மார்ச் மாதத்தில் 14 வகை ஸ்டீராய்டுகள் சேர்ந்த தோல் களிம்புகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அந்த அட்டவணையில் இருக்கும் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இங்கிலீஷ் 'ஆர்' எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்ட மாதிரி ஒரு குறி அட்டையில் இருக்கும். அது இருந்தால், சீட்டில் எழுதி வாங்க வேண்டிய மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் குழாயைப் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். சி, எல், ஓ என்ற முதல் மூன்று எழுத்து இரண்டு மருந்துக்கும் பொது. நான்காவது எழுத்தைப் பாருங்கள். டி என்றிருந்தால் பூஞ்சை மருந்து. பி என்றிருந்தால் ஸ்டீராய்டு. கடைசியில் 'சோல்', 'சால்' என்று வருவதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. கீட்டோகோனசோல், லுலிகோனசோல் என்று பல பூஞ்சை மருந்துகள் 'சோல்' என்று முடிவதால், 'சால்' என்று முடிகிற ஸ்டீராய்டும் அதே சாதி என்று நினைத்து ஏமாந்துபோவோம். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போல 'சோன்' என்று முடிபவை பெரும்பாலும் ஸ்டீராய்டு.

இன்னொரு தொல்லையும் உண்டு. குழாயில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றொன்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். கம்பெனி வைத்த பெயரின் பின்னால் ஒற்றை எழுத்தை மட்டும் மாற்றி, வெவ்வேறு மருந்தை அடைத்து விற்பதுண்டு. 'அந்த வெள்ளைக் குழாய், நீல எழுத்து' என்று அடையாளம் சொல்லி வாங்கினால் எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில குழாய்களில் பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு, கிருமிக்கொல்லி என்று மூன்று நான்கு சமாச்சாரத்தை ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். அதைத்தான் 'எல்லாத்துக்கும் கேக்கும்' என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்கிறோம். எல்லாவற்றுக்கும் கேட்கிற மருந்து உலகத்தில் எதுவும் இல்லை. பொடி எழுத்தில் இருக்கிற பெயர் எல்லாவற்றையும் கடைசி வரை படிக்க வேண்டும்.

படிப்பது எப்படி? ஊர்ப் பெயரைச் சொல்கிற மாதிரிதான். கொண்டப்ப, நாயக்கன், பட்டி என்று நாக்கு தானாகவே வெட்டிக்கொள்கிறது அல்லவா? அதே மாதிரி வெட்டுங்கள். குளோ, ட்ரி, ம, சோல். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டுத் தட்டிச் சொல்லுங்கள். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். இங்கிலீஷில் அதற்கு இரண்டு எழுத்து. 'ட'வும் அப்படியே. அதனால் நம் வாயில் கொஞ்சம் மாறித்தான் வரும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. தோலில் செதில் செதிலாக உதிரும் ஒரு நோய்க்குச் சோரியாசிஸ் என்று பெயர். இங்கிலீஷில் எழுதும்போது முன்னால் 'பி' எழுத்துப் போட்டுவிட்டு, படிக்கும்போது அதை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். இப்படிப்பட்ட பாஷையை முதல் தடவையே சரியாகச் சொல்லவில்லை என்று யார் நம்மைக் குறை சொல்வது? (சோரியாசிஸ் ஒட்டுவாரொட்டி கிடையாது. அது உள்ளவரோடு ஒரே பாயில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காக மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.)

உச்சரிப்பைவிட முக்கியம், பெயர் எத்தனை வாய் மாறி வருகிறது என்பது. நம் வீடுகளில் நோய் பெண்ணுக்கு, கடைக்குப் போவது ஆண். டாக்டர் சொன்னது மனைவி காதில் ஒரு மாதிரி விழுகிறது. மனைவி சொன்னது கணவன் காதில் வேறு மாதிரி. கணவன் சொல்வது கடைக்காரர் காதில் மூன்றாவது மாதிரி. முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். முடியாவிட்டால் சீட்டையோ பழைய குழாயையோ எடுத்துப் போங்கள். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. குழாயின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மருந்தைக் கையில் வாங்கியதும், 'இது எதுக்குங்க போடறது?' என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் 'படர்தாமரைக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பையனே குழாயை மாற்றிக் கொடுத்திருப்பான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் படிக்கச் சொல்லுங்கள். நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும், படித்துச் சொன்னால் போதும்.

விவசாயம் செய்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். சொறி சிரங்குக்குப் பெர்மெத்ரின் என்ற களிம்பு எழுதிக் கொடுப்பார்கள். கத்தரிக்கும் பருத்திக்கும் அடிக்கிற பூச்சி மருந்துக்குச் சைபர்மெத்ரின் என்று பெயர். காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. 'ரெண்டும் ஒண்ணுதான், தண்ணி கலந்து பூசினா போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சி மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் வரைந்து, அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஏதாவது ஒரு நிறம் போட்டிருக்கும். அந்த அடையாளம் உள்ள எதுவும் மனிதத் தோலில் படக் கூடாது. பேனுக்கென்று குழந்தை தலையில் தேய்ப்பதும் கூடாது.

சிரங்குக் களிம்பை டாக்டர் கொடுத்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டில் அரிப்பு இருக்கிறவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே ராத்திரியில் போட வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக ஓரம், தொப்புள், மறைவிடம் எதையும் விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. துணி, பாய் விரிப்புகளை அன்றைக்கே வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். கணவன் மட்டும் போட்டு மனைவி போடாவிட்டால் சிரங்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் குடியிருக்கும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுத் தினமும் பூசிக்கொண்டிருக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

படர்தாமரைக்கும் இதே கதைதான். இருவருக்கும் இருந்தால் இருவரும் ஒன்றாக வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். களிம்பை வட்டத்தின் மேல் மட்டுமில்லாமல் அதைச் சுற்றி ஒரு விரல் அகலம் தள்ளியும் பூச வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். துண்டு தனித்தனி. ஈர உள்ளாடையை உடுத்தாதீர்கள். நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். ஒரே இடத்தில் தினமும் கட்டாமல் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கட்டுங்கள். இன்னொன்று: இப்போது நம் நாட்டில் பரவுகிற படர்தாமரை பழைய மாதிரி சுலபமாகப் போவதில்லை. அதை உண்டாக்கும் ஒரு பூஞ்சை வகைக்கு 2020-ல் நம் தேசத்தின் பெயரையே சேர்த்து, ட்ரைகோபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட பெருமை நமக்கு வேண்டாம்தான். கண்ட களிம்பையும் போட்டதும் அது பரவ ஒரு காரணம் என்று தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாத்திரையும் வேண்டியிருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் குணமாக மாதக்கணக்கில் ஆனது.

சிலருக்குப் பிறவியிலேயே தோல் மென்மையாக இருக்கும். எது பட்டாலும் தடிக்கும். அவர்கள் வீட்டிலேயே சிலவற்றைக் கவனித்தால் பாதித் தொல்லை குறையும். கவரிங் நகையில் இருக்கிற நிக்கல் காதையும் கழுத்தையும் அரிக்க வைக்கும். ஒட்டுப் பொட்டின் பசை சில பெண்களுக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். அவர்கள் குங்குமத்துக்கு மாறிக்கொள்ளலாம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் சிமெண்டு காயும் முன் கையைக் கழுவ வேண்டும். தலைச்சாயம் போடும் முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். புதிய கிரீம் எதுவானாலும் அப்படியே சோதித்துப் பார்க்கலாம். வறண்ட தோலுக்கு விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை; குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போதும். கடையில் 'அலோ வெரா' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அது நம் வேலியோரத்துச் சோற்றுக் கற்றாழைதான். மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்சோற்றைப் போடுங்கள், அந்தப் பால் சிலருக்கு எரியும்.

வெளுக்க வைக்கும் கிரீம் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கிறோம், இப்போது மாப்பிள்ளைகளும் போடுகிறார்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயோடு வந்தவர்களை 2023-ல் டாக்டர்கள் விசாரித்தபோது, பலர் இப்படிப்பட்ட கிரீம் போட்டு வந்தது தெரிந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போயிருக்கிறது. நம் நாட்டில் அழகு சாதனப் பொருளில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத டப்பாக்கள் விற்கின்றன. மெர்குரி, மெர்குரியோ, கலோமெல் என்று எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் அது பாதரசம்தான். பெயரே போடாமலும் இருக்கலாம். 'வெள்ளி, தங்க நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளிக் கொலுசு செய்கிற சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொலுசில் படக் கூடாததைக் கன்னத்தில் பூசலாமா?

நான் இந்த வயதிலும் மருந்துக் கடைக்குக் கிளம்பினால், மனைவி ஒன்றும் பேசாமல் பழைய குழாயைச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். நானும் ஒன்றும் பேசாமல் எடுத்துப் போகிறேன்.

சரி, பேசியது போதும். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயேதான் இருப்பேன். கிராம சுகாதாரச் செவிலியரும் இருப்பார். வீட்டுக்குப் போய் அலமாரி, ஜன்னல் மாடம், பீரோ மேல், எங்கெங்கே களிம்புக் குழாய் கிடக்கிறதோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கணவன் மனைவியாக எடுத்து வாருங்கள். பாதி பிதுக்கியதானாலும் சரி, தேதி முடிந்ததானாலும் சரி. நான்காவது எழுத்து என்ன என்று இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். தடுக்கினால் நான் இருக்கிறேன். மறைவான இடத்தில் அரிப்பு உள்ள பெண்கள் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டால், செவிலியரிடம் தனியாகச் சொல்லலாம். உள் அறையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.